தூக்கணாங்குருவியின் வீடு



மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்த் தன் கூட்டையே இழந்த தூக்கணாங்குருவியின் கதையைக் கேளாதவர் நம்மில் அரியர். அப்பறவையைக் காண ஊர் திரும்ப வேண்டுவதில்லை. தில்லியைச் சூழ்ந்த வயல்களிலும், மராட்டிய நாட்டின் ஏரிக்கரைகளிலும் அது வாழ்கின்றது. வடநாட்டார் அதனைப் 'பயா' என்பர்.

சிட்டுக்குருவியின் அளவே உடையது இப்பறவை. மற்ற மாதங்களில் ஆணும் பெண்ணும் பழுப்பு நிறத்தில் ஒன்றுபோலவே தோன்றும். மழைக்காலம் வந்ததும் ஆணின் உச்சி பொன்மஞ்சளாகும், முகம் கரும்பழுப்பாகும்.

நீர்நிலையின் மேல் சாய்ந்த கருவேல மரமோ, ஈச்ச மரமோ, பனையோ இதற்கு ஏற்ற இடம். ஆண் குருவி நெற்றாளையும் நாணலையும் அலகால் நீள நீளமாகக் கிழித்து வந்து, முடிச்சிட்டுப் பின்னுகின்றது. இதன் பொருட்டு அது பறந்து மீளும் தடவைகள் பல நூறு.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஆண் முதலில் பாதிக் கூடுதான் கட்டுகின்றது. தலைச்சீரா போன்ற அந்நிலையில் அது சிறகடித்து அழைக்க, பெண் உள்ளே புகுந்து பார்வையிடுகின்றது. பிடித்தால் தங்கும், பிடிக்காவிடில் பறந்து போகும். பெண் இசைந்த பின்னரே முட்டையறையும் நீண்ட நுழைவாயிலும் நிறைவுறும். பெண் இரண்டு முதல் நான்கு வெண்முட்டைகள் இட்டு, ஏறத்தாழ இரு வாரம் தானே அடைகாக்கும். ஆணோ, அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண்ணை அழைக்கும்! இவ்வுண்மைகளை 1930-இல் அலிபாகை அடுத்த கிஹீம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பொறுமையுடன் கண்டறிந்தவர், பறவையியல் அறிஞர் சாலிம் அலி.

கூட்டினுள் ஈரமண் அப்பியிருப்பதைக் கண்டு, மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று நம் முன்னோர் கூறினர். கற்பனை அழகியதே, ஆயினும் மின்மினி விளக்கு அங்கில்லை. காற்றில் கூடு அதிகம் ஆடாதிருக்க அம்மண்ணின் கனம் உதவும் என்பது அறிஞர் பலர் கருத்து.

ஓராண்டு நாமும் சந்தையில் விற்ற கூடு ஒன்றை வாங்கி வந்து, ஊர் நினைவாக முன்னறையில் தொங்கவிட்டோம். குழந்தை அதனை ஆட்டியபோது உள்ளே ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தால், உலர்ந்துபோன வெண்முட்டை ஒன்று! கதையில் குரங்கு செய்ததை நாம் காசு கொடுத்துச் செய்வித்திருந்தோம்.

குருவிகள் நீங்கிய பின்னும் அக்கூடு வீணாவதில்லை. தினைக்குருவிகள் சில அதில் குடிபுகுந்து குஞ்சு பொரிப்பதுண்டு. ஆகவே அன்பர்களே, அடுத்த மழைக்காலத்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, எட்ட நின்று காட்டுங்கள். கூடு மரத்திலேயே இருக்கட்டும்.