காது இரைச்சலும் ஊனந்தான்

(களனி வெளிப் பிராந்தியத் தோட்டத் தலைவர், மாதர் தலைவியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வேறு தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கியது காது.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு கேள்வி. ராத்திரி லயத்தில் எல்லாரும் படுத்து, ரேடியோவும் ஓய்ந்த பிறகு, உங்கள் காதுக்குள் மட்டும் 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஓடுகிறதா? சிலருக்கு விசில் மாதிரி இருக்கும், சிலருக்கு சில்வண்டு மாதிரி. வெளியே சத்தமே இருக்காது. இதைத்தான் காது இரைச்சல் என்கிறோம். டாக்டர்மார் டினிடஸ் என்பார்கள்.

காதின் உள்ளே நத்தை ஓடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் உள்ள நுண்ணிய மயிர்க் கலங்கள்தான் சத்தத்தைப் பிடித்து மூளைக்கு அனுப்புகின்றன. ரோலர், டிரையர், சலிக்கிற மெஷின், ரப்பர் ஸ்டோர் என்றால் கிரேப் உருளைகள், இவற்றுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றால் அந்தக் கலங்கள் செத்துப்போகும். செத்தது முளைக்காது. வர வேண்டிய சத்தம் வராதபோது மூளை தானாகவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

எவ்வளவு சத்தம் ஆபத்து? எட்டு மணித்தியால வேலைக்கு 85 டெசிபல் எல்லை என்பது தொழில் மருத்துவத்தில் பரவலாகக் கொள்ளும் கணக்கு. 88 ஆனால் நான்கு மணித்தியாலம், 91 ஆனால் இரண்டே. அளக்கிற கருவி நம்மிடம் இல்லை, பரவாயில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. புல் வெட்டுகிற மெஷின் பிடிக்கிற பையன்களுக்கும் இது பொருந்தும். பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், பஞ்சு அந்தச் சத்தத்தைத் தடுக்காது.

மெஷின் மட்டும் காரணமில்லை. இந்தக் களனி வெளி 1934-35 மலேரியாவைக் கண்ட பூமி. கேகாலைப் பகுதியில் வீடு வீடாகச் சாவு விழுந்தது. அன்று கொடுத்த மருந்து குயினைன். அதிகம் உட்கொண்டவர்களுக்குக் காது இரைந்தது. இன்றும் சில காசநோய் ஊசிகளுக்கும், அளவுக்கு மிஞ்சிய ஆஸ்பிரினுக்கும் அந்தக் குணம் உண்டு. காதில் அழுக்கு அடைத்தாலும் இரையும், அதை எடுத்தால் தீரும். அதற்காகச் சுட்ட எண்ணெய் ஊற்றாதீர்கள்.

கொஞ்சம் இரைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கடுமையாக இரைகிறவர் நிலை வேறு. தூக்கம் இல்லை. தூங்காதவர் விடிய மெஷின் முன்னால் நிற்கிறார். பெல் அடித்தது கேட்காது, பக்கத்தில் 'கையை எடு' என்று கூப்பிட்டது கேட்காது. பிள்ளை ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னால் கோபம் வருகிறது. கோயில் திருவிழாவுக்குப் போகமாட்டார், சங்கக் கூட்டத்துக்கும் வரமாட்டார். மனம் உடைந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் கட்டு இல்லை, கண்ணில் காயம் இல்லை, அதனால் 'வேலைக்குக் கள்ளம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். துரை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நாமே சொல்லலாமா?

அமெரிக்காவில் பழைய படைவீரர்களுக்கு ஊனக் கொடுப்பனவு தருகிற திணைக்களம் இருக்கிறது. அங்கே மிக அதிகம் பேருக்கு ஏற்கப்பட்ட ஊனம் எது? கையோ காலோ அல்ல, காது இரைச்சல். வெளியில் இருந்து யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது என்று தெரிந்தும் அதற்கு 10 வீதம் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் ஊனத்துக்குப் பட்டியல் போடவில்லை. உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்வின் தேவைகளை முழுதாகவோ ஓரளவோ தானே நிறைவேற்ற முடியாதவர் என்றுதான் சொல்கிறது. 'ஓரளவோ' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடும் இரைச்சல் உள்ளவர் அதற்குள் வருவார் என்பது என் வாதம். ஆனால் அந்தச் சட்டம் தொழிலில் பாரபட்சம் கூடாது என்பதை ஆள் சேர்க்கும் நேரத்துக்குத்தான் தெளிவாகச் சொல்கிறது. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவரைச் சத்தமில்லாத வேலைக்கு மாற்றிக் கொடு என்று கேட்க, நமக்கு நிர்வாகத்தோடு ஒப்பந்தம்தான் வழி.

நட்டஈட்டுக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கை மாட்டினால் அதற்கு நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பார்த்த ஆள் இருக்கிறது. காது ஒரு நாளில் போவதில்லை. அதனால் எழுத்து வேண்டும். எத்தனை வருஷம், எந்த மெஷின், எந்த மாதம் முதன்முதலில் தோட்ட ஆஸ்பத்திரியில் சொன்னார், துண்டில் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் கையில் இருக்க வேண்டும். அவிசாவளையிலோ கரவனெல்லையிலோ காட்டி, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். கேட்டல் பரிசோதனையின் வரைபடத்தைத் தொலைக்காதீர்கள். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடி துடிக்கிற மாதிரி இரைந்தாலோ, திடீரென்று காது அடைத்துப்போனாலோ தாமதிக்க வேண்டாம்.

முழுதாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆனால் காது கேட்கும் கருவியால் பலருக்கு இரைச்சல் அடங்கித் தெரிகிறது. மனப் பயிற்சிச் சிகிச்சையும் உதவுகிறது. ராத்திரி மெல்லிய சத்தத்தில் ரேடியோ வைத்தால் தூக்கம் வரலாம். வீட்டுக்காரர்கள் அதற்குச் சண்டை பிடிக்காதீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒவ்வொரு ஸ்டோர் கமிட்டியும் காதுக்கான பாதுகாப்புக் கவசமும், வருஷத்துக்கு ஒரு கேட்டல் பரிசோதனையும் கேட்டு எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நம் ஸ்டோர்களுக்கும் உண்டு. பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்துக்கு எழுதுவோம். மனுவின் மாதிரி மேசையில் இருக்கிறது. போகும்போது தோட்டத்துக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.