பிரம்பு போன பிறகு



"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்!" பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த அப்பாக்கள் ஒரு காலத்தில் தலைமையாசிரியர் அறையில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை இது. அதில் கொடுமை இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. பிள்ளை உருப்பட வேண்டும் என்ற தவிப்பு மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தது. 2007-இல் நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் மூன்றில் இருவர் அடிவாங்கியதாகச் சொன்னார்கள். 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்தது. 2010 ஏப்ரல் முதல் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பிரம்பு போய்விட்டது. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள்.

என்ன செய்யக்கூடாது என்று ஆசிரியருக்குச் சட்டம் தெளிவாகச் சொன்னது. கடைசி வரிசையில் தினமும் சண்டை இழுப்பவனை என்ன செய்வது, மூன்று மாதமாக வீட்டுப்பாடத்தைத் தொடாதவளை எப்படிப் படிக்க வைப்பது என்பதற்கு அவருக்குக் கிடைத்த பயிற்சி மிகக் குறைவு. மாணவரின் கற்றல் ஊக்கத்தையும் பொறுப்பான நடத்தையையும் பாடமாக எடுத்துக்கொண்டு, சொந்தக் காசில், சொந்தத் தூக்கத்தைக் கொடுத்துப் படித்து இன்று முதுகலைப் பட்டம் பெறும் இந்த ஆசிரியர்கள் அந்த இடைவெளியைத் தாமாகவே நிரப்ப முன்வந்தவர்கள். இந்த மேடையில் இன்று பாராட்ட வேண்டிய முதல் செய்தி இதுதான்.

அவர்கள் படித்த விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். காலையில் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு, பகலெல்லாம் பாடம், மாலையில் கட்டுரை நோட்டுத் திருத்தம், அதற்குப் பிறகு அடுப்படி. சொந்தப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்தால்தான் இணைய வகுப்பு. பாதியில் டேட்டா தீர்ந்துபோகும். அடுத்த நாள் ஒப்படைப்புக்குக் கடைசி நாள்.

ஆசிரியர்கள் தொலைவிலிருந்து படிப்பது புதிதல்ல. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, அவர்களில் மிகப் பெரிய தொழிற்பிரிவினர் பள்ளி ஆசிரியர்களே. அதே 1971-இல் மதுரையிலும் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. அன்று தபால்காரர் கொண்டுவந்த பாடக்கட்டு இன்று திரைக்கு மாறியிருக்கிறது. தனியாக உட்கார்ந்து படிப்பதன் கஷ்டம் மட்டும் மாறவில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் நடத்திய திறந்த படிப்புகளில் 2017-18ஆம் ஆண்டில் பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு மூவர்தான் முடித்தார்கள். உலகின் தலைசிறந்த பேராசிரியர்கள், கட்டணம் கட்டாமலே கேட்கலாம். ஆனாலும் மூன்று பேர். தரமான பாடம் மட்டுமே ஒருவரைப் படிக்க வைத்துவிடாது என்பதை இந்த எண் காட்டுகிறது. இங்கே அமர்ந்திருப்பவர்கள் ஊக்கத்தைப் பற்றிப் படித்த அதே மாதங்களில், தங்கள் ஊக்கம் எந்த வாரத்தில் இறங்கியது, யாருடைய ஒரு வரிப் பதிலால் மீண்டது என்பதையும் பார்த்திருப்பார்கள். ஓர் ஏழாம் வகுப்பு மாணவனின் சோர்வைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடைக்காது.

ஊக்கத்தையும் நடத்தையையும் பற்றிய இந்தத் துறையின் பாடங்களில் ஒன்றிரண்டை இங்கே விரித்துச் சொல்லலாம். இங்கே வந்திருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அது பயன்படும்.

1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். 'படம் வரைந்தால் தங்க முத்திரை ஒட்டி ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம்' என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, அதே வண்ணப் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு யார் தாமாக வந்து எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை.

பிள்ளை விரும்பிச் செய்வதற்கெல்லாம் நட்சத்திரமும் சாக்லேட்டும் அறிவிக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் எவ்வளவு பெருகிவிட்டது என்று யோசிக்கும்போது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய இந்த ஆய்வு இன்று காலை வந்த எச்சரிக்கை போலவே இருக்கிறது.

பாராட்டும் அப்படித்தான். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றும், சிலரிடம் 'நன்றாக முயன்றிருக்கிறாய்' என்றும் ஒற்றை வரியில் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் திணறினார்கள். அதன் பிறகு மீண்டும் எளிய புதிர்கள் தரப்பட்டபோது, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர்கள் முதலில் எடுத்த மதிப்பெண்ணைக்கூட எடுக்கவில்லை. முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்பைவிடக் கூடுதலாக எடுத்தார்கள். இந்த ஆய்வில் மனத்தை உறுத்துவது வேறொன்று. வேறு பள்ளியில் இருக்கும் முகம் தெரியாத பிள்ளை ஒருவருக்கு மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, கெட்டிக்காரர்கள் என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் கூட்டி எழுதினார்கள். அந்தப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளைகள் பொய் சொல்லத் துணிந்தார்கள். ஊக்கத்தையும் ஒழுக்கத்தையும் ஒரே பட்டப்படிப்பில் சேர்த்து வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் பரிசே கூடாதா? அவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிட முடியாது. 1969-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் நடந்த ஆய்வு வெளிவந்தது. எழுதிய மூவரில் ஒருவரான முரியல் சாண்டர்ஸ்தான் அந்த வகுப்பின் ஆசிரியர். இருபத்து நான்கு பிள்ளைகளில் ஏழு பேர் தலைமையாசிரியர் அறைக்குப் பலமுறை அனுப்பப்பட்டவர்கள். ஆசிரியர் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார். அனுமதியின்றி எழுந்தாலோ பேசினாலோ அந்த அணியின் பெயருக்குக் கீழே கரும்பலகையில் ஒரு கோடு விழும். கோடு குறைவாக வாங்கிய அணி, சாப்பாட்டு வரிசையில் முதலில் நிற்கலாம். நாள் முடிவில் அரைமணி நேரம் விருப்பம்போல் இருக்கலாம். கணக்கு வகுப்பில் கவனித்த நேரத்துண்டுகளில் 96 விழுக்காட்டில் கேட்ட இரைச்சல் 19-க்கு இறங்கியது. இடத்தைவிட்டு எழுவது 82-இலிருந்து 9-க்கு வந்தது. ஒரு பையன் மட்டும் இனி ஆடமாட்டேன் என்று அறிவித்துவிட்டானாம். எந்த வகுப்பிலும் அவன் இருக்கிறான்; இங்கே உள்ள ஆசிரியர்களுக்கு அவன் பெயர்கூட நினைவுக்கு வந்திருக்கும்.

இந்த விளையாட்டை 1980களில் பால்டிமோர் நகரத்துப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆடவைத்து, பிள்ளைகள் இளைஞர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். சிறுவயதில் முரட்டுத்தனம் மிகுந்திருந்த பையன்களிடையே போதைப் பழக்கம் குறைந்திருந்தது தெரியவந்தது. ஸ்டான்ஃபோர்டில் கெடுத்த பரிசு இங்கே உதவியிருக்கிறது. ஆசையாகச் செய்வதற்கு விலை வைத்தால் ஆசை தேய்கிறது. கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு விதிக்குக் கட்டுப்படப் பழகும் வயதில், சிறிய பரிசு தொடக்கத்துக்குக் கைகொடுக்கிறது. ஆனால் கான்சஸ் வகுப்பில் விளையாட்டை நிறுத்திப் பார்த்தபோது கூச்சல் திரும்ப வந்துவிட்டது என்பதையும் ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். ஆசிரியர் எண்ணாத நேரத்திலும் பிள்ளை சரியாக நடந்துகொள்வது எப்படி என்ற கேள்விக்குக் கோடு போடுவது விடையாகவில்லை.

அந்தக் கேள்விக்கு ஜப்பானில் ஒரு தலைமையாசிரியர் தம் செயலால் விடை சொல்லியிருக்கிறார். தெட்சுகோ குரோயநாகி 1981-இல் எழுதிய 'டோட்டோ-சான்' தமிழிலும் பரவலாகப் படிக்கப்படும் நினைவுக்குறிப்பு. குறும்பு தாங்காமல் முதல் வகுப்பிலேயே ஒரு பள்ளி வெளியேற்றிய சிறுமி, டோக்கியோவின் டோமோயி பள்ளியில் சேர்கிறாள். ஒருநாள் அவளுடைய செல்லப் பணப்பை கழிப்பறைக் குழியில் விழுந்துவிடுகிறது. நீண்ட கைப்பிடி அகப்பையை எடுத்துவந்து குழியைத் தோண்டி வெளியே அள்ளிப்போடுகிறாள். மலை மாதிரிக் குவிகிறது. அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் கோபயாஷி என்ன செய்கிறாய் என்று கேட்கிறார், பணப்பையைத் தேடுகிறேன் என்கிறாள், அவர் போய்விடுகிறார். பிறகு திரும்பி வந்து, முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்கிறார். பை கிடைக்கவில்லை. சிறுமி அத்தனையையும் உள்ளே தள்ளி மூடிவிட்டுத்தான் போகிறாள். அவர் அவளைத் திட்டவில்லை, உதவிக்கும் போகவில்லை. அந்த வேலை முழுவதையும் அவளுடையதாகவே விட்டுவைத்தார்.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னாளில் கோட்பாடாகச் சொன்ன மூன்று தேவைகளும் அந்தக் குழியோரத்தில் இருக்கின்றன: தானே முடிவெடுக்கும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன்னை ஒருவர் மதிக்கிறார் என்ற உறவு.

பட்டம் பெறும் ஆசிரியர்களிடம் எதிர்பார்ப்பதற்கு முன், பல்கலைக்கழகத்திடமும் அரசிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டமே விகிதம் வகுத்திருக்கிறது. அந்த விகிதம் காக்கப்பட்டாலும், பாதி நாள் பதிவேடு நிரப்பும் ஆசிரியருக்கு ஒரு பிள்ளையிடம் நின்று பேச நேரம் எங்கே? அந்த நேரத்தைத் திருப்பித் தராமல் அவருடைய படிப்பிலிருந்து பலன் கேட்பது நியாயமில்லை.

ஆசிரியர்களிடம் கேட்பது சிறியது. தங்கள் வகுப்பறையையே களமாக வைத்து எழுதிய ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போய்விட்டால், பக்கத்து ஊர் ஆசிரியருக்கு அது எட்டாது. அதை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கி, எது பலித்தது, எது பலிக்கவில்லை, எந்தப் பிள்ளையிடம் எதுவுமே எடுபடவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதி, அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர்கள் கையில் கொடுக்கலாம். இந்த மாதமே முதல் பிரதியைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிடலாம்.