தாராள மனம் என்பது எது?

(செங்கற்பட்டில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



உள்ளப் பண்பை வளர்த்துக் கொள்ளுவது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி நண்பர்கள் கேட்டுக் கொண்டார்கள். இது சாதாரணமாகப் பாகவதர்களும் சாஸ்திரிகளும் பேசுகிற விஷயம். அவர்கள், பொறுமையாயிரு, தானம் செய், மேல் உலகத்தில் பலன் உண்டு என்று சொல்லி மங்களம் பாடி முடித்து விடுவார்கள். எனக்கு மேல் உலகத்தின் விலாசம் தெரியாது. ஆகையால் இந்த ஜில்லாவில் நீங்கள் கண்ணால் பார்க்கக் கூடியதைக் கொண்டே பேசுகிறேன்.

மாமல்லபுரத்துக்குப் போகாதவர்கள் உங்களில் சிலரே இருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் செதுக்கிய பெரிய பாறை அங்கே இருக்கிறது. அதை அர்ச்சுனன் தபசு என்று சிலரும் பகீரதன் தபசு என்று சிலரும் சொல்லுகிறார்கள். எதுவாகவேனும் இருக்கட்டும். எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்கிறார் ஒருவர். கீழே, அவரைப் போலவே பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தூக்கிக் கொண்டு தவம் செய்கிறது ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள்! தவக்கோலம் பூனைக்கும் வரும், கோலத்தைக் கண்டு எலிகள் ஏமாறும் என்பதை 1,300 வருஷங்களுக்கு முன்னே ஒரு கல்தச்சன் கல்லிலேயே காட்டிவிட்டான். நாமோ இன்னும் கோலத்தைப் பார்த்துத்தான் குணத்தை மதிக்கிறோம்.

தானத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். கோயில் வாசலில் விரல் மடங்கிப்போன ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்தர் வருகிறார். இரண்டு கஜம் தள்ளி நின்று காசை வீசுகிறார். புண்ணியக் கணக்கில் ஒரு வரி ஏறிற்று என்று திருப்தியோடு போகிறார். இதற்கு தாராள மனம் என்று பெயர் வைக்கலாமா? பத்துக் காசு போட்டு மோட்சத்தை எதிர்பார்ப்பவர் வட்டிக்கடைக்காரரையும் தோற்கடித்தவர் அல்லவா? அந்தக் கை ஏன் மடங்கிற்று என்று அவர் ஒருநாளாவது கேட்டதுண்டா? இல்லை. "முன் ஜென்ம பாவம்" என்ற விடை முன்னமே தயாராயிருக்கிறது. விடை தயாராயிருக்கிறவனுக்குக் கேள்வி எங்கேயிருந்து வரும்?

கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். இந்தச் செங்கற்பட்டுக்கு அடுத்த திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1955இல் மத்திய சர்க்கார் அதை எடுத்துக் கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கினார்கள். 1947இல் அங்கே டாக்டர் காக்ரேன் இருந்த காலத்தில், வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பால் பிராண்ட் என்ற ரண வைத்தியர் அதைப் பார்க்க வந்தார். அவர் நமது கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். அங்கே ஒரு நோயாளி, மடங்கிப்போன விரல்களால் செருப்பு வாரைப் பூட்ட முடியாமல் தவித்துக் கொண்டிருந்தார். பிராண்ட் அவர் பக்கத்தில் போய், தன் கையை அந்தக் கைக்குள் கொடுத்து, முழு பலத்தோடு அழுத்தச் சொன்னார். அழுத்தியதும் வைத்தியருக்கு வலி பொறுக்கவில்லை!

தோழர்களே! செத்துப்போனது என்று உலகம் ஒதுக்கிய கையில் அவ்வளவு பலம் இருந்தது. அப்படியானால் விரல்கள் மட்டும் ஏன் மடங்கின? இந்த ஒரு கேள்வியை அவர் விடவில்லை. சில நரம்புகள் கெட்டால் சில தசைகள் மட்டுமே வேலையை நிறுத்துகின்றன, மற்றவை உயிரோடு இருக்கின்றன என்று கண்டார். பின்பு வேலூரில், வேலை செய்கிற தசைநாரை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். சதை அழுகி விரல் உதிருகிறது என்பதும் தப்பு, உணர்ச்சி போனதால் சூடும் வெட்டும் புண்ணும் தெரியாமல்தான் விரல் குறைகிறது என்றும் காட்டினார்.

அவர் தமது மதத்தில் நம்பிக்கையுள்ளவர். அதில் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது, அவர் கையைக் கொடுத்ததையும் கேள்வி கேட்டதையுமே. காசு வீசினவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களால் ஒரு விரலாவது நிமிர்ந்ததா?

இந்த வியாதி ஒரு கிருமியால் வருகிறது என்று நார்வே தேசத்து ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்தார். மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இதைத் தடுக்கும் சக்தி உடம்பிலேயே உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 1981இல் சிபாரிசு செய்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் குணமாகிறது. அது சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாகவே கிடைக்கிறது. இப்படியிருந்தும், ஏழை நோயாளிகளைப் பிடித்து ஒதுக்கி வைக்க இடங்கொடுத்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016இல்தான் ரத்தாயிற்று. 2019 வரையில் இந்த வியாதி விவாகரத்துக்கு ஒரு காரணமாய்ச் சட்டத்தில் இருந்தது. மருந்து வந்து எத்தனை வருஷத்துக்குப் பின் சட்டத்துக்குப் புத்தி வந்தது பாருங்கள்! நம் மனதுக்கு எப்போது வரப்போகிறது?

பிறரைக் குறை சொல்லிப் போய்விட நான் வரவில்லை. என் கதையையும் கேளுங்கள். வாலிப வயதில் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வியாதி குணமான ஒரு பெரியவர் வந்தார். எனக்குக் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்த கடைக்காரர், அவருக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றினார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கொண்டு வெயிலில் போய் நின்றார். மேடையேறிச் சமத்துவம் பேசத் தொடங்கியிருந்த நான், அன்று வாய் திறக்கவில்லை. என் பக்கத்தில் பெஞ்சியில் இடம் இருந்தது. "இங்கே உட்காருங்கள் ஐயா" என்று சொல்ல எனக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. சட்டைப்பையில் காசு இல்லாதவனைவிட, மனதில் இந்த மூன்று சொல் இல்லாதவனே தரித்திரன் என்று அன்று இரவுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே தாராள மனம் என்பது பிறவியில் வருவதுமல்ல, தியானத்தில் இறங்குவதுமல்ல. நீச்சலைப் போலப் பழகிப் பழகி வருவது. ஒருவர் படும் கஷ்டத்தைக் கண்டால் அதற்கு விதி என்று பெயர் வைக்காமல், காரணம் என்ன என்று கேளுங்கள். எட்ட நின்று கொடுப்பதைவிடக் கிட்ட உட்காருங்கள். நாம் நினைத்தது தப்பு என்று தெரிந்தால், அதை ஒப்புக் கொள்ள வெட்கப்படாதீர்கள். வீட்டில் யாருக்காவது உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். சம்பந்தம் கெட்டுவிடும், ஊர் பேசும் என்று மறைக்கிற ஒவ்வொரு மாதமும், நாம் ஒரு விரலைப் பலி கொடுக்கிறோம்.

முடிக்குமுன் இன்னொரு பூனையைப் பற்றிச் சொல்லுகிறேன். வேலூரில் சில நோயாளிகளின் விரல்கள், எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தும் இரவில் குறைந்து கொண்டே வந்தன. சாபம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவர்கள் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்தார்கள். எலி வந்து, வலி தெரியாத விரலைக் கடித்தது! பிறகு நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தார்கள். தொல்லை நின்றது.

மாமல்லபுரத்துப் பூனை கையைத் தூக்கித் தவம் செய்து கொண்டேயிருக்கிறது. வேலூர்ப் பூனை தவம் செய்யவில்லை, விரல்களைக் காப்பாற்றிற்று. இந்த இரண்டில் எதைப் போல நாம் இருக்க வேண்டும் என்பதை, நான் சொன்னேன் என்பதற்காக அல்லாமல், உங்கள் சொந்த புத்தியைக் கொண்டு யோசித்து முடிவு செய்து கொள்ளுங்கள்.