வாயிற்கதவருகே ஓர் அறிவிப்புப் பலகை



இந்தியத் தொழிலாளர் சட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2025 நவம்பர் 21-ஆம் தேதி, அங்கே 29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்தன. அதில் விடைபெற்றுக்கொண்ட ஒன்று, 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம்.

நிலையாணை என்பது வேறொன்றுமில்லை, வேலையிட விதிகள்தான். வேலை நேரம் என்ன, சம்பளம் என்றைக்கு, விடுப்பு கேட்பது எப்படி, எதைச் செய்தால் ஒழுங்கீனம், யார் நிரந்தரம், யார் பதிலி? இவற்றை முதலாளி வாய்க்கு வந்தபடி சொல்லக்கூடாது. எழுதி, அரசாங்க அதிகாரியிடம் சான்று பெறவேண்டும். ஆட்சேபிக்கத் தொழிற்சங்கத்துக்கு 15 நாள் அவகாசம் உண்டு. விதி நியாயமானதா என்று பார்க்கும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு 1956-இல்தான் கிடைத்தது. அதற்குமுன் அவர் முத்திரை குத்துபவர் போலத்தான்!

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: அந்த விதிகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் வாயிற்கதவருகே பலகையில் ஒட்டவேண்டும்.

அடுத்து, வயிற்றுப்பாடு. விசாரணை என்று சொல்லி ஒருவரை வெளியே நிறுத்திவைத்தால் அவர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? நம் நாட்டில் 1955 வேலைச் சட்டப்படி, விசாரணைக்காக ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. அந்த வாரத்துக்குப் பாதிச் சம்பளமாவது தரவேண்டும். இந்தியாவில் விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் 1982-இல் ஒரு திருத்தம் வந்தது. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம்; தாமதத்துக்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் அதன்பின் 75 விழுக்காடு. தமிழ்நாடு 1981-இலேயே தனிச் சட்டம் போட்டு, 180 நாள் தாண்டினால் முழுச் சம்பளம் என்றது.

புதிய தொகுப்பும் இந்தப் பிழைப்பூதியத்தை வைத்திருக்கிறது. விசாரணையைப் பொதுவாக 90 நாளில் முடிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. வரவேற்போம். ஆனால், இதெல்லாம் யாருக்கு? பழைய சட்டம் 100 பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. சில மாநிலங்கள் அதை 50 ஆகக் குறைத்தும் வைத்திருந்தன. இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும்.

200 பேர் உள்ள ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். மத்தியச் சட்டப்படி அங்கே இனி சான்று பெற்ற நிலையாணை கட்டாயமில்லை. சிறு நிறுவனங்களின் சுமை குறைந்தால் வேலை வாய்ப்பு பெருகும் என்கிறது அரசாங்கத் தரப்பு. பல அனுமதிகளைப் பற்றி அப்படிச் சொன்னால் நானும் தலையாட்டுவேன். விதியை எழுதி ஒட்டுவதா சுமை? சிறிய இடத்தில்தானே சங்கம் இருக்காது, கேட்க ஆள் இருக்காது?

முதலாளிமார் தரப்பில் ஐயா ஒருவர் வந்திருக்கிறார். இந்தக் கேள்வியை அவரிடமே வைத்து, ஒலிவாங்கியைத் தருகிறேன்.