விவாதத்தை முடிக்கிற அதிகாரம் யார் கையில்?

(மாணவர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம வாயை அடைக்கிறது எப்படின்னு நமக்குத் தெரியும். காலங்காலமா பார்த்துக்கிட்டு வர்றோம். ஆனா, பேசிப் பேசியே உரிமையைச் சாகடிக்கிற வித்தை ஒன்று இருக்கிறது. சமாதானக் கூட்டம் என்று தாசில்தார் ஆபீசில் உட்காரவைத்துத் தேதி தேதியாகத் தள்ளுவார்களே, அந்த மாதிரி. சட்டமன்றங்களில் இதற்கு ஃபிலிபஸ்டர் என்று பேர். மசோதாவைத் தோற்கடிக்க ஆள் பத்தாதபோது, ஓட்டெடுப்பே நடக்கவிடாமல் பேசிக்கொண்டே இருப்பது. 'போதும், ஓட்டுக்கு விடுங்கள்' என்று ஒரு உறுப்பினர் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தால் அது விவாத முடிப்புத் தீர்மானம்.

இந்த வித்தைக்கு அண்ணல் அம்பேத்கரே பலியானார். இந்து சட்ட மசோதா 1947 ஏப்ரல் 11 அன்று சபைக்கு வந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை, விவாகரத்து, ஒருதார மணம், சாதி தாண்டிய திருமணத்துக்கு அங்கீகாரம். சாதியின் அடிமடியிலேயே கைவைத்த மசோதா. நாலு வருஷம் இழுத்தார்கள். 1951 செப்டம்பரில் நாலே நாலு பிரிவு நிறைவேறியதோடு கைகழுவினார்கள். அண்ணல் சட்ட அமைச்சர் பதவியை உதறினார்.

அவருடைய ராஜினாமா அறிக்கையைப் படியுங்கள். உறுப்பினர்கள் விருப்பப்படி ஓட்டுப்போடலாம் என்று நேரு விட்டதைக்கூடப் பொருட்படுத்தவில்லை என்கிறார். பேச்சுக்கு நேர வரம்பு வைத்து ஒரு விப் போட்டிருந்தால் மசோதா நிறைவேறியிருக்கும் என்கிறார். ஒரே பிரிவின்மேல் நாள்கணக்காகப் பேசி இழுத்தார்கள். விவாதத்தை முடிக்கத் தீர்மானம் கொண்டுவர வேண்டிய தலைமைக் கொறடா சபைப் பக்கமே வரவில்லை என்கிறார். ஆளுங்கட்சிக்கு அசுரபலம் இருந்தது. எழுந்து நிற்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றும் கேளுங்க. அந்த அறிக்கையை அவர் சபையில் வாசிக்கப் போனபோது, நகலை முன்கூட்டியே கொடுக்கணும் என்றார்கள். வெளியேறிப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்தார். மசோதாவை எதிர்த்தவர்களுக்கு நாள்கணக்கு. அவருக்கு அந்தக் கொஞ்ச நேரமும் இல்லை.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் இதே கதை. கறுப்பர்களை அடித்து, எரித்து, மரத்தில் தொங்கவிடுகிற கும்பல் கொலைக்கு எதிரான மசோதா 1922, 1937, 1940 என மூன்று முறை கீழவையில் நிறைவேறியது. தென்மாநில வெள்ளை செனட்டர்கள் பேசியும், பேசுவோம் என்று மிரட்டியும் மேலவையில் முடக்கினார்கள். அந்தச் சட்டம் வந்தது 2022 மார்ச்சில். நூறு வருஷம்! 1957 சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் ஒரே ஆளாக 24 மணி 18 நிமிஷம் பேசினார். 1964-இல் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்த பேச்சு, ஜூன் 10 அன்று 71-க்கு 29 என்ற ஓட்டில்தான் முடிந்தது.

செனட்டில் விவாதத்தை முடிக்கிற விதி 1917-இல் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்றார்கள். 1975-இல் அது 100-க்கு 60 ஆனது. இந்தக் கணக்கு அவர்கள் அரசியலமைப்பில் கிடையாது. ஒவ்வொரு அவையும் தன் விதியைத் தானே வகுக்கலாம் என்பதே அதில் இருக்கிறது. நம்முடைய 118-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது.

'நாமும் சபையில் சிறுபான்மைதானே, இழுத்துப் பேசுற உரிமை நமக்கும் வேணும்ல?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விவாதத்தை வெட்டுவதும் ஆபத்துதான். 2018 மார்ச்சில் மக்களவையில் மானியக் கோரிக்கைகளை 'கில்லட்டின்' போட்டு விவாதமே இல்லாமல் நிறைவேற்றினார்கள். நமக்கான நிதியும் அதில் அடக்கம். ஆனால் சபையில் எண்ணிக்கை குறைந்தவன் எல்லாம் ஒடுக்கப்பட்டவன் ஆகிவிட மாட்டான். செனட்டில் சிறுபான்மையாக இருந்த அந்த வெள்ளையன், ஊருக்குப் போனால் எஜமான். பேச்சு நீள நீள அவனுக்கு லாபம். தொங்கவிடப்பட்டவனுக்கு ஏது நாளை?

ஆகவே எந்த விதியைப் பார்த்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: தாமதத்தால் யாருக்கு லாபம்? அவசரத்தால் யாருக்கு லாபம்? சட்டத்தை மட்டும் படித்தால் போதாது, தோழர்களே. நடைமுறை விதிப் புத்தகத்தையும் படியுங்கள். அண்ணலின் மசோதாவைக் கொன்ற கத்தி அங்கேதான் இருந்தது.

ஜெய்பீம்.