மழைக்கு ஏற்ற மேலாடை

மழையின் வகைகளைக் குறிக்க நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தூறல், சாரல், தூவானம், அடைமழை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அந்த மழையில் வெட்டவெளியிலே நின்று தொழில் செய்ய வேண்டியவன் எதை உடுத்திக்கொள்கிறான் என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. மழை வந்தால் வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்பவர்களுக்கு இது சிறிய செய்தி. நாற்று நடுபவளுக்கும், ஆடு மேய்ப்பவனுக்கும், தேயிலை பறிப்பவளுக்கும், நகரத்துத் தெருவிலே உணவுப் பொட்டலம் சுமந்து செல்லும் இளைஞனுக்கும் இது அன்றாட உடல்நலத்தைப் பற்றிய செய்தி. ஆதலின், மெழுகு பூசிய பருத்தி மேலாடை சிறந்ததா, இக்காலத்து நைலான் முதலிய செயற்கைத் துணிகள் சிறந்தவையா என்னும் கேள்வியை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இக்கேள்வி மேல்நாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. நற்றிணையின் 142ஆம் பாட்டிலே ஓர் இடையன் வருகிறான். பால் விற்கும் அவன் முதுகிலே பனையோலையால் செய்த ‘பறி’ என்னும் மழைக்காப்பு இருக்கிறது. நுண்ணிய துளிகள் அவன் உடலின் ஒரு பக்கத்தை நனைக்கின்றன. அவனோ கோலை ஊன்றி நின்று, நாவை மடித்துச் சீழ்க்கை ஒலி எழுப்பி, ஆடுகளைக் காக்கின்றான். பாடியவர் இடைக்காடனார். ஒரு பக்கம் நனைந்தது என்று புலவர் கூறுவதை நான் பெரிதும் போற்றுகிறேன். எந்த மழையுடையும் முழுமையாகக் காப்பதில்லை என்னும் உண்மை அதில் அடங்கியிருக்கிறது.

ஓலை ஏன் நனைவதில்லை? அதன் மேற்பரப்பிலே இயற்கை ஒரு மெழுகுப் பூச்சைப் பூசியிருக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலிமையாக ஈர்க்கின்றன. மெழுகை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. ஆகவே மெழுகின்மீது விழுந்த நீர் பரவாமல் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு முத்தாக உருளுகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் உவமை சொல்வதற்கும் காரணம் இதுவே. தாமரை இலையில் மெழுகோடு கண்ணுக்குப் புலப்படாத சிறு மேடுகளும் இருப்பதால் நீர் இன்னும் எளிதாக உருண்டு ஓடுகிறது. மழையுடையின் வரலாறு முழுவதும், இலை செய்யும் இந்த வேலையைத் துணியைச் செய்யவைக்க மனிதன் மேற்கொண்ட முயற்சியே ஆகும்.

அம்முயற்சியை மேல்நாட்டிலே தொடங்கியவர்கள் மாலுமிகள். நனைந்த பாய், காய்ந்த பாயைவிடக் காற்றை நன்றாகப் பிடிக்கும் என்று கண்ட அவர்கள், பாய்த்துணியிலே எண்ணெய் தடவினார்கள். கிழிந்த பாயை வெட்டி மேலாடையாகவும் தைத்துக்கொண்டார்கள். அதற்குப் பயன்பட்டது ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கலந்து இறுகும். நாளடைவில் துணி மஞ்சளாகி, விறைத்து, வெடித்துப் போகும். பிற்காலத்தில் பாரபின் மெழுகு அதன் இடத்தைப் பிடித்தது. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் 1894ஆம் ஆண்டு ஜான் பார்பர் தொடங்கிய கடை, மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் இத்தகைய ஆடைகளை விற்றுப் பெயர் பெற்றது. பின்னர் உழவரும் வேட்டைக்காரரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும் அவற்றை விரும்பி அணிந்தனர்.

மற்றொரு வழி ரப்பர். கிளாஸ்கோ நகரத்து வேதியியலாளர் சார்லஸ் மாக்கிண்டாசு, நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவிலே ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு இடையே பூசி ஒட்டினார். 1823ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அத்துணி வெயிலில் பிசுபிசுத்தது; குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று கண்ட பின்னரே அக்குறை நீங்கியது. ஆனால் ஒரு குறை நீங்கவே இல்லை. மழை உள்ளே புகாத துணியில் வியர்வை வெளியே போகவும் வழியில்லை.

மூன்றாவது வழி நெசவாளரின் வழி. துணிமேல் எதையும் தடித்துப் பூசாமல், நூலை மிக நெருக்கமாக நெய்து நீரைத் தடுப்பது அது. இரண்டாம் உலகப் போரின்போது, குளிர்ந்த கடலில் விழும் விமானிகளைக் காக்க மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிலையத்தில் ‘வென்டைல்’ என்னும் பருத்தித் துணியை உருவாக்கினார்கள். நனைந்தவுடன் பருத்தி இழை பருக்கிறது. பருத்தவுடன் இழைகளுக்கு இடையேயுள்ள துளைகள் அடைபடுகின்றன. காய்ந்திருக்கும்போதோ அதே துணியில் காற்று செல்லும். பருத்தியின் இயல்பான குணத்தையே கதவாகப் பயன்படுத்திக்கொண்ட அழகிய எண்ணம் அது! இதற்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். நம் கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு வகைகளைக் கலந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சுவின்’, அத்தகைய மிக நீண்ட இழைப் பருத்தி என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

இனி இக்காலத்துத் துணிகளுக்கு வருவோம். 1935இல் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டார். 1941இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் பிறந்தது. இவை எடை குறைந்தவை, விரைவில் உலர்பவை, எளிதில் மட்காதவை. 1969இல் ராபர்ட் கோர் என்பவர், டெப்லான் என்று நாம் அறியும் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய பொருளாக விரிந்தது. அத்துளை நீர்த்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. நீராவி மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியது. ஆகவே மழைத்துளி உள்ளே வராது. வியர்வையின் ஆவி வெளியே போகும். கோர்-டெக்ஸ் என்று பெயர் பெற்ற இந்தப் படலம், மலையேறுவோரின் உடையையே மாற்றிவிட்டது.

அப்படியானால் வழக்கு முடிந்தது, புதிய துணியே வென்றது என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். உடை எந்த ஊருக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆவி, தானாக வெளியே போவதில்லை. உள்ளே ஆவி அழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் போகும். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 34 பாகை. அந்த வெப்பத்தில் நிறைவுற்ற ஆவியின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 40 மில்லிமீட்டர். மழை நாளில் உதகமண்டலத்தில் வெப்பம் 15 பாகை என்று கொள்வோம். வெளிக்காற்று முழுதும் ஈரமாக இருந்தாலும் அதன் ஆவி அழுத்தம் 13 மில்லிமீட்டர்தான். வேறுபாடு 27. அதே மழை நாளில் சென்னையில் வெப்பம் 25 பாகை என்றால், ஆவி அழுத்தம் 24, வேறுபாடு 16. அதாவது, உதகையில் ஆவியை வெளியே தள்ளும் விசையில் ஐந்தில் மூன்று பங்கே சென்னையில் கிடைக்கும். வியர்வையோ சென்னையில் கூடுதல். விலையுயர்ந்த படலம் நம் நகரத்திலே ஏன் ஏமாற்றம் தருகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நான் வாழ்வது அசோக் நகரில். சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையிலே பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது எங்கள் பகுதியிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளுக்குள்ளே வெள்ளம் புகுந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஒரு மழைநாள் மாலையில் அசோக் தூணுக்கு அருகே கடையோரமாக ஒதுங்கி நின்றேன். உணவு கொண்டு செல்லும் இளைஞர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, பி.வி.சி. மழைச்சட்டையைக் கழற்றி உதறினார். உள்ளே இருந்த சட்டை பிழியும் அளவுக்கு ஈரமாக இருந்தது.

“மழை உள்ளே இறங்கிவிட்டதா, தம்பி?” என்று கேட்டேன்.

“மழை இல்லை ஐயா, எல்லாம் வேர்வை. போட்டாலும் நனைகிறேன், போடாவிட்டாலும் நனைகிறேன்” என்றார் அவர்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனினும் அது சிரித்துவிட்டு மறக்கத் தக்கதன்று. கடுமையாக உழைப்பவர் வெப்பமான நாளில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையிலும் வியர்க்கக்கூடும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொண்டு ஆவியாவதனால்தான் உடல் குளிர்கிறது. ஆவியாக வழியின்றி வழிந்தோடும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. உழைப்பவரின் களைப்பிற்கும் தலைசுற்றலுக்கும் இதுவும் ஒரு காரணமாகும்.

மெழுகுப் பருத்தி சென்னைக்கு ஏற்குமா? ஏற்காது என்றே கூறுவேன். அது கனமானது; வெயிலிலே மெழுகு இளகிப் பிசுபிசுக்கும்; ஈரமான அலமாரியில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; இயந்திரத்தில் வெளுத்தால் மெழுகு போய்விடும். ஆனால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது தகாதது என்று தள்ளிவிட முடியாது. அங்கே குளிர் உண்டு, முள் உண்டு. நைலான் முள்ளில் பட்டால் கிழியும். தீப்பொறி பட்டால் உருகித் துளையாகும். தடித்த பருத்தி அவ்வளவு எளிதில் கிழியாது. கிழிந்தாலும் ஒட்டுப்போட்டு, மீண்டும் மெழுகு தேய்த்து, ஆண்டுக்கணக்கில் அணியலாம். ஆயினும் மலைமழைக்கு ஓர் எல்லையில்லை. 2019 ஆகஸ்டு மாதத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழையில் மெழுகுத் துணி தையல் வழியே கசியும். தையலையும் ஒட்டி மூடிய புதிய துணியே அங்கு உதவும்.

மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பாலியெஸ்டரை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நுண்ணிழைகள் உதிர்ந்து நீர்நிலைகளைச் சேர்கின்றன. நீரை உருட்டிவிடுவதற்காகப் பல மழையுடைகளில் பூசப்பட்ட புளோரின் சேர்மங்கள், மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாதவை. அதனால்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025ஆம் ஆண்டு முதல் புதிய ஆடைகளில் அவற்றுக்குத் தடை விதித்தது; கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் சில ஆண்டுகள் தவணை கொடுத்தது. புளோரின் இல்லாத படலங்களும் பூச்சுகளும் இப்போது வந்துள்ளன. மெழுகுத் துணியும் குற்றமற்றதன்று. பாரபின் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து பெறுவதே. ஆனால் நீண்ட நாள் உழைக்கும் ஆடை எதுவாயினும், ஆண்டுக்கு ஒன்றாக வாங்கி எறியும் மலிவான சட்டையைவிட மேலானது.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். மூன்று குவளைகளில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றின் வாயைப் பருத்தித் துணியாலும், மற்றொன்றை மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்த அதே துணியாலும், மூன்றாவதைப் பிளாஸ்டிக் தாளாலும் இறுகக் கட்டுங்கள். ஒவ்வொன்றின் மேலும் உலர்ந்த கண்ணாடித் தட்டு ஒன்றைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். எந்தத் தட்டில் ஆவி படிகிறது, எதில் படியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு துணிகளின்மீது சில துளி நீர் விட்டு, எது உறிஞ்சுகிறது, எது உருட்டிவிடுகிறது என்று பாருங்கள். மழையைத் தடுப்பதும் வியர்வையை விடுவதும் ஒன்றோடொன்று முரண்படும் இரு கடமைகள் என்பது அப்போது நன்கு புலப்படும்.

அம்முரண்பாட்டை நம் முன்னோர் எவ்வாறு தீர்த்தனர்? துணியால் அன்று, அமைப்பினால் தீர்த்தனர். ஓலைப்பறி உடலோடு ஒட்டுவதில்லை. சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்க்கும் கொங்காணியும் முன்பக்கம் திறந்தே இருக்கும். கீழே திறப்பு, நடக்க நடக்கக் காற்று உள்ளே புகுந்து ஆவியை அள்ளிச் செல்லும். வெப்ப நாட்டுக்கு வேண்டிய பாடம் இதுவே. வயலில் குனிந்து வேலை செய்பவருக்கு, மெல்லிய பூச்சிட்ட நைலானில் தளர்வான கவிப்பு ஒன்று போதும். இருசக்கர வண்டி ஓட்டுபவருக்குத் தொங்கும் கவிப்பு ஆபத்து. அது சக்கரத்தில் சிக்கக்கூடும். அவருக்குச் சட்டையும் காற்சட்டையுமாக வேண்டும். கக்கத்திலும் முதுகிலும் மடிப்பால் மூடிய காற்றுவழிகள் வேண்டும். இருளில் ஒளிரும் பட்டையும் வேண்டும். இவற்றை அமைப்பதற்கு அரிய பொருள் எதுவும் தேவையில்லை. தையற்காரரின் கத்தரிக்கோலும், அணிபவரின் துன்பத்தை எண்ணிப் பார்க்கும் மனமும் போதும்.

பழையதா, புதியதா என்று கேட்பதைவிட, எந்த ஊரில், எந்தத் தொழிலுக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்பதே அறிவுடைமை. குளிர்நாட்டில் கண்ட விடையை அப்படியே வாங்கி அணிந்துகொண்டு நாம் வியர்க்க வேண்டியதில்லை. உங்களுள் நெசவும் வேதியியலும் பொறியியலும் கற்கப் போகிறவர்கள் பலர் இருப்பீர்கள். நம் மழைக்கும் நம் வெப்பத்திற்கும் பொருந்தும் ஒரு மேலாடை, உழைப்பவர் வாங்கக்கூடிய விலையில், இன்னும் செய்யப்பட வேண்டியதாகவே இருக்கிறது. அந்தப் பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது.