கொறங்காட்டு வானம்பாடி

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் மேயும் மாடுகளின் காலடியிலேயே ஒரு குருவி குடித்தனம் நடத்துகிறது: சாம்பல் தலை வானம்பாடி. ஆணுக்கு வயிறு கறுப்பு, உச்சந்தலை சாம்பல். பெண் மண் நிறம். மரத்தில் பெரும்பாலும் அமராது. கல்லோரம், மண்கட்டியோரம் சிறு குழியில் புல்லும் இறகும் பரப்பி, விளிம்பில் பொடிக்கற்கள் வைத்து, இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

ஆணின் வித்தைதான் பார்க்க வேண்டியது. படபடவென்று சுமார் 30 மீட்டர் உயரம் ஏறி, இறக்கையை மடக்கி, சீழ்க்கையோடு தலைகீழாகப் பாய்ந்து, தரைக்குச் சற்று மேலே வளைந்து மறுபடி எழும். புல் விதையும் பூச்சியும் உணவு. கொறங்காட்டை உழுது தென்னை வைத்தாலோ, மனை பிரித்தாலோ கூட்டுக்கு இடமில்லை.